சிட்னித் துறைமுகப் பகுதியில் பூர்வகுடி மரபுநடை: சொல்லும் உரிமையும் கேட்கும் கடமையும்

முன்னுரை

ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரில், துறைமுகப் பாலத்தின் தென்முனைக்கும் சர்குலர் கீ படகுத்துறைக்கும் இடையே அமைந்த சிறு நிலப்பகுதி 'தி ராக்ஸ்' என வழங்கப்பெறுகிறது. மணற்பாறைகள் மலிந்த சரிவாதலின் இப்பெயர் பெற்றது. 1788ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் ஆளுநர் ஆர்தர் பிலிப்பின் தலைமையில் 11 கப்பல்களில் வந்த கைதிகளும் காவலர்களும் தம் முதற் குடில்களை அமைத்த இடங்களுள் இஃது ஒன்று. இன்று அங்குச் செல்லும் பயணியின் கண்ணில் படுவன அக்குடியேற்றத்தின் எச்சங்களே. 1816ஆம் ஆண்டில் எழுந்த கேட்மன் குடிலும், கல்கத்தாவிலிருந்து 1798ஆம் ஆண்டு வந்த வணிகர் இராபர்ட் கேம்பலின் பெயர் தாங்கிய பண்டகசாலைகளும், குறுகிய கற்படிகளும் அவற்றுள் அடங்கும். 1900ஆம் ஆண்டின் கொள்ளைநோயை அடுத்து நிகழ்ந்த இடிப்புகளுக்கும், 1932ஆம் ஆண்டு திறக்கப்பெற்ற பாலத்திற்காக நிகழ்ந்த இடிப்புகளுக்கும் தப்பியவை இவை. 1970களில் குடியிருப்பாளரும் ஜேக் மண்டி முதலியோர் வழிநடத்திய கட்டுமானத் தொழிலாளர் சங்கத்தினரும் ஒன்றுசேர்ந்து போராடியதனாலேயே இவை இன்றளவும் நிற்கின்றன.

ஆயின், 1788ஆம் ஆண்டிற்கு முன்னர் அங்கு வாழ்ந்தோர் கற்கட்டடம் எதனையும் விட்டுச் செல்லவில்லை. நிற்கும் கட்டடங்களைக் காட்டியே மரபினை விளக்கும் வழக்கம் உடைய நமக்கு, கட்டடம் இல்லாத மரபினை எவ்வாறு காட்டுவது என்னும் வினா இயல்பாகவே எழுகின்றது. பூர்வகுடி வழிகாட்டியர் இப்பகுதியில் நடத்தும் மரபுநடை இவ்வினாவிற்கு ஒரு விடையாக அமைகின்றது. அத்தகைய நடை ஒன்றில் நாம் கலந்துகொண்டோம். அந்நடையின் அமைப்பையும், அதன்வழி வெளிப்படும் வரலாற்றுச் செய்திகளையும், கேட்போர்பால் அது வேண்டி நிற்கும் ஒழுக்கத்தையும் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பேசுபவர் யார்?

நடை தொடங்குமுன் வழிகாட்டி தம்மை அறிமுகம் செய்துகொண்ட முறையே முதற் பாடமாக அமைந்தது. தம் பெயரைக் கூறியதோடு அவர் நிறுத்தவில்லை. தம் தாய்வழி நிலம் யாது, தந்தைவழி நிலம் யாது என்பவற்றையும் கூறினார். தாம் இந்நிலத்துக் காடிகல் மக்களைச் சேர்ந்தவர் அல்லர் என்பதையும், வேறு நிலத்திலிருந்து வந்து இங்கு வாழ்பவர் என்பதையும் வெளிப்படையாக அறிவித்தார். ஆதலின் அவர் நம்மை 'வரவேற்க'வில்லை. காடிகல் மூத்தோரை நினைந்து வணக்கம் செலுத்தினார்.

இவ்விரண்டும் வெவ்வேறானவை. நிலத்திற்கு வரவேற்கும் உரிமை அந்நிலத்தின் மரபுரிமையாளர்க்கே உரியது. பிறர், அவர் பூர்வகுடியினரே ஆயினும், உரிமையாளரை ஏற்று மதிப்பதாக மட்டுமே கூறலாம். ஆஸ்திரேலிய அரசு விழாக்களிலும் பல்கலைக்கழக நிகழ்ச்சிகளிலும் இன்று இம்மரபு பெரிதும் பின்பற்றப்படுகிறது. நாம் இதனைச் சடங்கு என்ற அளவிலேயே முன்னர்க் கருதியிருந்தோம். யாருடைய வாய்மொழி எந்த அளவிற்குச் செல்லும் என்பதை வரையறுக்கும் அறிவுமுறை இது என்பது அன்றுதான் விளங்கிற்று.

மூத்த பெண்களை 'ஆண்ட்டி' என்றும் மூத்த ஆண்களை 'அங்கிள்' என்றும் அழைப்பது அங்குள்ள பூர்வகுடி மக்களிடையே மதிப்பு வழக்காகும். நம்மவரும் அறிமுகமில்லா மூத்தோரை இச்சொற்களால் அழைப்பதுண்டு. ஆயினும் அங்கு அது வயதினால் மட்டும் வருவதன்று. சமூகம் ஒருவரது அறிவையும் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டமைக்கு அடையாளமாக வழங்குவது.

அறிமுகத்தின் பின் வழிகாட்டி செங்காவிக் கல்லொன்றை நீர்விட்டு உரைத்து, நடையில் கலந்துகொண்டோரின் மணிக்கட்டில் ஒரு கோடு இட்டார். இது படம் எடுத்துக்கொள்வதற்கான ஒப்பனை அன்று என்றும், நிலத்தைத் தொட்டு நடப்பவர் என்பதற்கான அடையாளம் என்றும் விளக்கினார்.

இடமும் பெயரும்

சர்குலர் கீ அமைந்த சிறு விரிகுடாவுக்குப் பிலிப் இட்ட பெயர், அந்நாளைய பிரித்தானிய அமைச்சர் சிட்னி பிரபுவினுடையது. அதற்கு முன்னரே அதற்கு 'வாரங்' என்னும் பெயர் இருந்தது. தி ராக்ஸ் பகுதியின் பெயர் 'தல்லாவொலாடா'. பாலத்தின் தென்முனை அமைந்த டாஸ் முனையின் பெயர் 'தாரா'. இசைநாடக அரங்கம் நிற்கும் பென்னலாங் முனையின் பெயர் 'டுபகலி'. இடத்திற்கு இடம் நின்று இப்பெயர்களை உரக்கச் சொல்லச் செய்வது நடையின் முறைகளுள் ஒன்று. வரைபடத்தில் ஒரு பெயரைப் படிப்பதும், அவ்விடத்திலேயே நின்று அதனை ஒலிப்பதும் ஒன்றல்ல என்பதை அப்போது உணர்ந்தோம்.

துறைமுகத்தின் தென்கரை காடிகல் மக்களுடையது. மேற்கே வாங்கல் மக்களும், வடகரையில் காமரேகல் மக்களும் வாழ்ந்தனர். இப்பெயர்களின் ஈற்றில் நிற்கும் 'கல்' என்பது மக்கள் எனப் பொருள்படும். இவர்களைப் பொதுவாகக் குறிக்க வழங்கும் 'ஈயோரா' என்பதும் மக்கள் என்னும் பொருளுடையதே. இவர்தம் மொழியிலிருந்து ஆங்கிலத்திற்குச் சென்று, அதன்வழி உலக மொழிகளில் பரவிய சொற்கள் சில உள. டிங்கோ, வாலபி, கோலா, பூமராங் ஆகியன அத்தகையவை. அவ்வகையில் அம்மொழியின் சொற்கள் சிலவற்றை நாமும் அறியாமலே ஆண்டு வருகின்றோம்.

நியூ சவுத் வேல்ஸ் மாநில அரசு 2001ஆம் ஆண்டு முதல் இரட்டைப் பெயரிடும் கொள்கையைப் பின்பற்றி வருகிறது. அதன்படி டாஸ் முனை இன்று தாரா என்னும் பெயரையும் சேர்த்தே தாங்கி நிற்கின்றது.

துறைமுகமும் மாறாத பொருளன்று. அது கடல் புகுந்த ஆற்றுப் பள்ளத்தாக்கு ஆகும். கடைசிப் பனியூழிக் காலத்தில் கடற்கரை இன்றைய கரைக்குப் பல கிலோமீட்டர் கிழக்கே இருந்தது. பனி உருகக் கடல்மட்டம் உயர்ந்து, ஏறத்தாழ 7,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய நிலையை அடைந்தது. ஆஸ்திரேலியக் கண்டத்தில் மக்கள் 50,000 ஆண்டுகளுக்கு மேலாக வாழ்ந்து வருகின்றனர் என்பதை நோக்கின், இத்துறைமுகத்தை விட அம்மக்கள் தொன்மையானவர் என்பது புலனாகும்.

சுவரில் கலந்த சிப்பி

கேட்மன் குடில் கட்டப்பெற்றபோது அலைநீர் அதன் அருகே வந்தது. பின்னர்க் கரை தூர்க்கப்பட்டு நீர் விலகிச் சென்றது. எனவே, இன்று பயணிகள் நடைபயிலும் தளத்தின் பெரும்பகுதி ஒருகாலத்தில் மீன்கள் உலவிய நீர்ப்பரப்பாகும். கண்முன் விரிந்த காட்சியைக் கண்ணை மூடிக்கொண்டு மாற்றி அமைத்துப் பார்க்குமாறு வழிகாட்டி பணித்தார்.

அடுத்து, பழைய மணற்கற் சுவர் ஒன்றின் இணைப்புச் சாந்தினை உற்று நோக்குமாறு கூறினார். அதனுள் வெண்ணிறச் சிப்பித் துணுக்குகள் தெரிந்தன. குடியேற்றத்தின் தொடக்க ஆண்டுகளில் சிட்னிக்கு அருகே சுண்ணாம்புக்கல் கிடைக்கவில்லை. ஆதலின், பூர்வகுடி மக்கள் உண்டு குவித்த சிப்பி மேடுகளை வாரிச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கினர். டுபகலி முனையில் இத்தகைய மேடுகள் மிகுந்திருந்தமையால், அது 'சுண்ணாம்பு சுடுவோர் முனை' எனவும் ஒருகாலத்தில் வழங்கப்பெற்றது.

சிப்பி மேடு என்பது வெறும் கழிவுக் குவியல் அன்று. எந்தப் பருவத்தில் எவற்றை உண்டனர், எத்துணைத் தலைமுறை ஒரே இடத்திற்கு மீண்டும் வந்தனர் என்பவற்றைக் காட்டும் ஆவணம் அது. அவ்வாவணம் சுடப்பட்டுச் சுவராயிற்று. 'காடிகல் மக்கள் எதனையும் விட்டுச் செல்லவில்லை' எனக் கூறுவோர் சாய்ந்து நிற்கும் சுவரிலேயே அம்மக்களின் உணவு கலந்துள்ளது. கட்டடம் இல்லாத மரபினை எவ்வாறு காட்டுவது என முன்னர் எழுப்பிய வினாவிற்கு இச்சுவரே முதல் விடையாயிற்று. சுடப்படாமல் எஞ்சியவையும் உள. தி ராக்ஸ் பகுதியின் லில்லிவேல் என்னும் இடத்து அகழாய்வில் அடுப்புத் தடமும் சிப்பிகளும் மீனெலும்புகளும் கிடைத்தன. அவை ஐரோப்பியர் வருகைக்கு முற்பட்டவை.

மீன்பிடித்த பெண்கள்

இத்துறைமுகத்தின் மீன்பிடித் தொழிலில் பெண்களே தூண்டிலுக்கு உரியவர். ஆண்கள் பல முனைகளை உடைய ஈட்டியால் மீனைக் குத்திப் பிடித்தனர். பெண்கள் மரப்பட்டையால் ஆன 'நாவி' என்னும் சிறு படகில் சென்று, சிப்பியைத் தேய்த்துச் செய்த பிறைவடிவத் தூண்டில்முள்ளால் பிடித்தனர். அம்முள்ளின் பெயர் 'பாரா'. படகின் நடுவே களிமண் திட்டின்மேல் நெருப்பு எரிந்துகொண்டிருக்கும். குழந்தையை மடியில் வைத்தபடியே மீனைச் சுட்டு உண்பதும் உண்டு. பெண் குழந்தைகளின் இடக்கைச் சிறுவிரலின் நுனிக் கணுக்கள் இளமையிலேயே நீக்கப்பெற்றன. மால்குன் என்னும் இவ்வழக்கத்தைக் குடியேறியோர் பலரும் வியந்து எழுதிவைத்துள்ளனர்.

இப்பெண்களுள் ஒருவரே பாரங்காரூ. காமரேகல் மக்களைச் சேர்ந்தவர், பென்னலாங்கின் மனைவி, 1791ஆம் ஆண்டு மறைந்தவர். ஆளுநரின் விருந்திற்குச் சென்றபோதும் ஐரோப்பிய உடையை அணிய மறுத்தவர். தி ராக்ஸ் பகுதிக்கு மேற்கே, சரக்குப் பெட்டகத் துறையாக இருந்த காங்கிரீட் பரப்பு மாற்றி அமைக்கப்பட்டு, 2015ஆம் ஆண்டு பாரங்காரூ பூங்காவாகத் திறக்கப்பெற்றது. 10,000 மணற்கற்களும், மண்ணுக்குரிய 75,000க்கும் மேற்பட்ட மரஞ்செடிகளும் அங்கு இடம்பெற்றுள்ளன. டுபகலி முனைக்கு மேலுள்ள புல்வெளியில் வான்யி இனக் கலைஞர் ஜூடி வாட்சன் வடித்த 'பாரா' என்னும் நினைவுச் சின்னம் 2022ஆம் ஆண்டு நிறுவப்பெற்றது. தூண்டில்முள்ளின் வடிவிலேயே அது எழுந்து நிற்கின்றது.

நீர்க்கரையில் ஓரிடத்தில் வழிகாட்டி நின்றார். இவ்விடத்தைப் பற்றிப் பெண்களிடையே வழங்கும் கதை ஒன்று உண்டு என்றும், அதனை ஆடவரும் நிற்கும் இக்கூட்டத்தில் கூறத் தமக்கு உரிமை இல்லை என்றும் சொல்லிவிட்டு மேலே நடந்தார். உடன் வந்த பயணி ஒருவர், கட்டணம் செலுத்தியவர்க்கு மறைப்பது முறையா எனத் தாழ்ந்த குரலில் குறைப்பட்டுக்கொண்டார். உண்மையில் நமக்கும் சிறிது ஏமாற்றமே. வாய்மொழி வழக்காறுகளைத் திரட்டிப் பதிப்பித்தலையே தொண்டெனக் கருதும் ஆய்வுப் பயிற்சி நம்முடையது. அறிவு எல்லார்க்கும் உரியது என்னும் கொள்கை, கொடுப்பவரின் இசைவைக் கேளாது கொள்வதற்கும் இடம் தந்துவிடும் என்பதை அந்த மௌனம் உணர்த்திற்று.

தாராவில் ஒரு குறிப்பேடு

நடை பாலத்தின் அடியில், தாரா முனையில் நிறைவுற்றது. கடற்படை வீரரும் வானியலாளருமான வில்லியம் டாஸ் தம் வானாய்வுக் குடிலை அமைத்த இடம் இது. எதிர்பார்க்கப்பட்ட வால்வெள்ளி ஒன்றைக் காண்பதற்காக அவர் அங்குத் தங்கினார். வால்வெள்ளி தோன்றவில்லை. ஆனால் அக்குடிலுக்குப் பூர்வகுடி மக்கள் வந்துசென்றனர். அவர்களுள் பட்டியகராங் என்னும் இளம்பெண் டாஸிற்குத் தம் மொழியைக் கற்பித்தார். டாஸ் அதனைச் சிறு குறிப்பேடுகளில் பதிந்தார்.

அக்குறிப்பேடுகள் சொற்பட்டியல் என்ற அளவில் நில்லாது, உரையாடல்களையும் காட்டுகின்றன. நெருப்பில் தம் கையைச் சூடேற்றிப் பிறர் விரல்களை மெல்லப் பற்றுதலைக் குறிக்க 'புட்டுவா' என்னும் ஒரே சொல் அதில் காணப்படுகின்றது. எவரும் அருகிருந்து கையைப் பற்றினாலன்றி அச்சொல்லைக் கற்றிருக்க இயலாது.

மக்கள் ஏன் சினந்துள்ளனர் என டாஸ் வினவியதற்கு, வெள்ளையர் இங்கு வந்து தங்கிவிட்டதே காரணம் என்னும் விடை கிடைத்தது. காமரேகல் மக்கள் ஏன் அஞ்சுகின்றனர் என வினவியதற்குக் கிடைத்த விடை ஒரே சொல்: 'கனின்'. துப்பாக்கியைக் குறிக்கும் 'கன்' என்னும் ஆங்கிலச் சொல்லுடன் காரணப் பொருள்தரும் 'இன்' என்னும் உருபு சேர்ந்து, 'துப்பாக்கிகளால்' எனப் பொருள்படுகின்றது. தம்மவர்க்கு எதிரான விடையை மாற்றாது எழுதிவைத்தமை டாஸின் நேர்மையைக் காட்டும். 1790ஆம் ஆண்டு இறுதியில், ஆளுநரின் வேட்டையாள் ஒருவர் ஈட்டியால் தாக்கப்பட்டதற்காகப் பூர்வகுடி மக்கள்மீது ஏவப்பட்ட தண்டனைப் படையில் சேர அவர் முதலில் மறுத்தார். பின்னர் வற்புறுத்தலால் சென்றார். சென்றமைக்கு வருந்துவதாகவும் வெளிப்படக் கூறினார். வருத்தத்தைத் திரும்பப்பெற்று மன்னிப்புக் கோரினாலன்றித் தொடர்ந்து தங்க இசைவில்லை என்றானது. 1791ஆம் ஆண்டு டிசம்பரில் அவர் சிட்னியை விட்டு நீங்கினார்.

இக்குறிப்பேடுகள் நம் வட்டாரத்தோடும் ஒருவகையில் தொடர்புடையன. சுமத்ராவின் வரலாற்றை 1783ஆம் ஆண்டிலும், மலாய்மொழி இலக்கணத்தையும் அகராதியையும் 1812ஆம் ஆண்டிலும் வெளியிட்ட வில்லியம் மார்ஸ்டனின் தொகுப்போடு சேர்ந்தே அவை இலண்டன் பல்கலைக்கழகத்தின் கீழைத்தேய ஆப்பிரிக்கவியற் கல்லூரி நூலகத்தை அடைந்தன. நெடுங்காலம் கவனிப்பாரின்றி இருந்து, 1972ஆம் ஆண்டில் மீண்டும் அடையாளம் காணப்பெற்றன. அம்மொழியை மீட்டெடுக்கும் இன்றைய முயற்சிகளுக்கு இவையே முதன்மைச் சான்று. நிகாரிகு இனத்தைச் சேர்ந்த மொழியியலறிஞர் ஜேக்லின் டிராயின் சிட்னி மொழி ஆய்வு இதற்கு வழிவகுத்தது. 2014ஆம் ஆண்டு பங்காரா நடனக் குழுவினர் பட்டியகராங்கின் வரலாற்றை அரங்கேற்றினர்.

ஒப்புமை என்னும் ஈர்ப்பு

தமிழ் கற்றோர் இச்சொற்களைக் கேட்டு வாளா இருத்தல் அரிது. 'நாவி' என்றதும் 'நாவாய்' நினைவிற்கு வருகின்றது. 'கனின்' என்பதிலோ, ஏதுப் பொருளில் வரும் நம் ஐந்தாம் வேற்றுமை உருபே கண்முன் நிற்பது போலத் தோன்றுகின்றது. இவ்வீர்ப்பு புதியதன்று. கால்டுவெல் தம் ஒப்பிலக்கணத்தில் ஆஸ்திரேலிய மொழிகளின் பெயரிடைச் சொற்களைத் திராவிட மொழிகளோடு ஒப்பிட்டுள்ளார். கடல்கொண்ட நிலம் பற்றிய கருத்துகள் அதன்பின் நம்மிடையே பரவின. 2013ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆய்வொன்று, ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன் இந்தியாவிலிருந்து மக்கள் அங்குச் சென்றிருக்கலாம் எனக் கூறியபோது இவ்வார்வம் மேலும் வளர்ந்தது. 2016ஆம் ஆண்டின் ஆய்வுகள் அதனை உறுதிப்படுத்தவில்லை என்பதை அறிந்தோர் சிலரே.

ஓரிரு சொற்களின் ஒலியொப்புமை மொழியுறவினை நிறுவாது. முறையான ஒலியியைபுகள் பல சொற்களிடையே காட்டப்பெறல் வேண்டும். திராவிட மொழிகளுக்கும் ஆஸ்திரேலிய மொழிகளுக்கும் இடையே அத்தகைய உறவு இதுவரை நிறுவப்பெறவில்லை. நாவாய் என்னும் சொல்லின் தோற்றம் குறித்தே அறிஞரிடையே ஒருமித்த கருத்து இல்லை.

இவை யாவும் அறிந்திருந்தும், நடை முடிந்தபின் நாம் வழிகாட்டியிடம் நாவாயைப் பற்றிக் கூறிவிட்டோம். அவர் புன்னகையுடன் கேட்டார். பின்னர், 'இது உங்கள் மூத்தோர் சொல்லியதா, நீங்கள் இப்போது கண்டதா?' என்று வினவினார். நாம் கண்டது என்றோம். 'அப்படியானால் அது உங்களுடையதாகவே இருக்கட்டும்' என்றார். அவர் குரலில் கடுமை இல்லை. ஆயினும், உறவு கொண்டாடுவதும் ஒருவகை உரிமை கொண்டாடலே என்பதை அவ்விடை தெளிவாக்கிற்று. அன்பினால் கூறினும், 'நீங்கள் எம்மவரே' என்பது, 'உங்கள் தொன்மை எம் தொன்மையின் கிளை' என்னும் கூற்றாகவே அவர்க்குக் கேட்டிருக்கும்.

எஞ்சியோர்

'காடிகல் மக்கள் இன்று எங்கே?' என்பது ஒவ்வொரு நடையிலும் எழும் வினா என வழிகாட்டி கூறினார். 1789ஆம் ஆண்டு பரவிய பெரியம்மையில், சிட்னிப் பகுதிப் பூர்வகுடி மக்களுள் பாதியளவினர் மாண்டதாகப் பிலிப் மதிப்பிட்டார். காடிகல் மக்களுள் மூவரே எஞ்சினர் என அக்காலக் குறிப்பொன்று கூறுகின்றது. இதனைக் கொண்டு அம்மக்கள் அழிந்தனர் என எழுதுவோர் பலர். எஞ்சியோர் பிற குலத்தாரோடு இணைந்து வாழ்ந்தனர் என்பதை அவர்கள் எழுதுவதில்லை.

சர்குலர் கீ படகுக் கொட்டகைகளில் 1880களின் தொடக்கம் வரை பூர்வகுடி மக்கள் தங்கியிருந்தனர். 1881ஆம் ஆண்டு பூர்வகுடிப் பாதுகாவலராக அமர்த்தப்பெற்ற ஜார்ஜ் தார்ன்டன் அவர்களை அங்கிருந்து அகற்ற ஏற்பாடு செய்தார். நகரின் தென்புறத்து லா பெரூஸ் என்னும் இடத்தில் அமைந்த குடியிருப்பு இன்றும் தொடர்கின்றது. கடலோரச் சிட்னியோடு பல தலைமுறைத் தொடர்புடைய குடும்பங்கள் அங்கு வாழ்கின்றன. இந்நிலம் எவர்க்கும் உரியதன்று என்னும் கொள்கையை ஆஸ்திரேலிய உயர்நீதிமன்றம் 1992ஆம் ஆண்டு மாபோ வழக்கில் தள்ளுபடி செய்தது. எனினும், நாடாளுமன்றத்திற்குப் பூர்வகுடி மக்கள் கருத்துரைக்க ஓர் அவையை அரசமைப்பில் ஏற்படுத்துவது குறித்து 2023ஆம் ஆண்டு அக்டோபர் 14ஆம் நாள் நடைபெற்ற பொதுவாக்கெடுப்பில், ஏறத்தாழ 60 விழுக்காட்டினர் வேண்டா என வாக்களித்தனர். கேட்கப்பெறுதல் என்பது அவர்க்கு இன்றும் முடிவுறாத போராட்டமே.

நிறைவுரை

மேற்கூறியவற்றால், பூர்வகுடி மரபுநடை என்பது பொருள்களைக் காட்டும் சுற்றுலா மட்டும் அன்று என்பது விளங்கும். பெயரை அதற்குரிய இடத்தில் ஒலிக்கச் செய்தும், சுவரிலுள்ள சிப்பியைக் காணச் செய்தும், சொல்லத் தகாத இடத்தில் மௌனம் காத்தும் அது மரபினைக் கற்பிக்கின்றது. கற்பிப்பவர் தம் உரிமையின் எல்லையை முதலிலேயே கூறிவிடுகின்றார். அதற்கு ஈடாகக் கேட்பவர் தம் எல்லையை அறிந்து நிற்றல் கடமையாகின்றது.

தாரா முனையில் டாஸ் செய்ததும் பெரிதும் இதுவே. அவர் வினவினார், விடை கசந்தபோதும் அதனை எழுதினார், தம் கருத்தை அதன்மேல் ஏற்றவில்லை. அதனாலேயே இருநூறு ஆண்டுகள் கழித்தும் அக்குறிப்பேட்டினின்று ஒரு மொழி மீள்கின்றது. பிறர் மரபினை ஆராயப் புகும் நம் மாணவர், ஒப்புமைகளைத் தேடுமுன் இப்பயிற்சியைப் பெறுதல் நன்று. நம் மணிக்கட்டில் இட்ட காவிக்கோடு அன்று மாலைக்குள் அழிந்துவிட்டது. நாவாய் பற்றிய குறிப்பு மட்டும் நம் ஏட்டில், நாம் கண்டது என்னும் அடைமொழியுடன், இன்னும் இருக்கின்றது.